இன்றைக்கு ஏன் முட்டை இல்லை? புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

முதன்முதலாகக் கோழி வாங்கியபோது இன்னும் முட்டைக்கு வராத நான்கு வெடக்கோழிகளைச் சந்தையில் பிடித்துக்கொண்டு வந்தேன். விற்றவர், "பதினஞ்சு நாள்ல முட்டை வச்சிரும் தம்பி" என்றார். தினமும் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குனிந்து தேடுவேன். எச்சம்தான் கிடந்தது. ஒன்றரை மாதம் போனபின் பக்கத்து வீட்டு அப்பத்தா ஒரு கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கம் விரலை வைத்துப் பார்த்தார். "ஒத்த விரல்தான் போகுது. இது இன்னும் பிஞ்சுடா. தை பொறக்கட்டும், பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தை பிறந்து மூன்றாவது வாரம் முதல் முட்டை வந்தது.

அப்பத்தாவுக்கு ஹார்மோன் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர் விரலால் அளந்தது ஹார்மோனைத்தான். "தை" என்று சொன்னதும் ஹார்மோன் கணக்குதான். அது எப்படி என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

முதலில்: கோழி தயாரா என்று பாருங்கள்

பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நம் ஊர் நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். வயதை விற்பவர் சொல்லைக் கேட்டு நம்பாதீர்கள். கோழியையே கேளுங்கள்.

கோழியின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை ஒவ்வொன்று தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு, மூன்று விரல் நுழைந்து, அந்த இடம் மெத்தென்று இருந்தால் முட்டையிடுகிறது, அல்லது இந்த வாரமே இடப்போகிறது. கொண்டையையும் பாருங்கள். வெளிறிச் சுருங்கிக் கிடந்த கொண்டை சிவந்து, தொட்டால் மெழுகு மாதிரி வழவழப்பாகும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் அப்படியே அமுங்கி உட்காரும். மஞ்சள் காலுள்ள இனமாக இருந்தால், முட்டையிட இட ஆசனவாய், கண் வளையம், அலகு, கால் என்ற வரிசையில் மஞ்சள் வெளுத்துக்கொண்டே போகும். அந்த நிறம் முட்டைக் கருவுக்குப் போய்விடுகிறது. கால்கூட வெளுத்த கோழி பல மாதமாக உழைத்த கோழி. விற்க வந்தவர் "புதுக்கோழி" என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

இத்தனை மாற்றத்துக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். கோழியின் முட்டைப்பையில், அதாவது சூலகத்தில், சுரக்கிறது. (கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும், வலப்பக்கத்தது முளையிலேயே தேய்ந்துவிடும்.) அந்த ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் கலந்ததும் உடம்பு முழுக்க வேலை தொடங்குகிறது. கல்லீரல், மஞ்சள் கருவுக்கான கொழுப்பையும் புரதத்தையும் செய்து அனுப்பும். நூல் மாதிரிக் கிடந்த கருக்குழாய் இரண்டடிக்கு மேல் நீளும். இடுப்பெலும்பு விலகும். நீண்ட எலும்புகளுக்குள் சுண்ணாம்புச் சத்து சேமிப்பாக அடையத் தொடங்கும். கொண்டையைச் சிவப்பாக்குவது மட்டும் சூலகத்திலேயே கொஞ்சம் சுரக்கும் ஆண் ஹார்மோன்.

அடுத்தது: வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள்

முட்டையிடும் கோழியை அறுத்த வீட்டில் பார்த்திருப்பீர்கள். வயிற்றுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி மஞ்சள் உருண்டைகள், பெரியது, அதைவிடச் சின்னது, கடுகு அளவு என்று வரிசையாக இருக்கும். குழம்பில் அது யாருக்கு என்று சின்ன வயதில் சண்டையே நடக்கும். அந்தக் கொத்துதான் சூலகம். பெரிய உருண்டை நாளைக்கு, அடுத்தது நாளை மறுநாளுக்கு. முன்பதிவு செய்த மாதிரி ஐந்தாறு கருக்கள் வரிசையில் நிற்கின்றன.

இந்த வரிசையை நடத்துவது மூளை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை விடுகிறது. எஃப்.எஸ்.ஹெச் சின்னக் கருக்களை வளரவைத்து வரிசைக்குள் கொண்டுவருகிறது. எல்.ஹெச் முற்றிய கருவை வெளியே விடுகிறது. மடை திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். மேலே ஹைபோதலாமஸ் மூடிக்கொண்டால் கீழே எவ்வளவு தீனி போட்டாலும் முட்டை வராது. அது மூடிக்கொள்ளும் காரணங்கள் கொஞ்சம்தான்: வெளிச்சம் குறைந்தது, தீனி குறைந்தது, பயம், நோய், அடை. இனி எழுதப்போவதெல்லாம் கிட்டத்தட்ட இவற்றைப் பற்றித்தான்.

இதில் நடைமுறைக்குத் தேவையான கணக்கு ஒன்று உண்டு. வரிசைக்குள் வந்த கரு, சில மில்லிமீட்டரிலிருந்து முழு அளவுக்கு வளர ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. அதனால் இன்றைக்கு நல்ல தீவனம் போட்டுவிட்டு நாளைக்கு முட்டை எண்ணக் கூடாது. முட்டை குறைந்துவிட்டது என்றால் நேற்று என்ன நடந்தது என்பதோடு, போன வாரம் என்ன நடந்தது என்றும் யோசியுங்கள். தீவன மூட்டை தீர்ந்து நான்கு நாள் வெறும் தவிடு போட்டீர்களா? அதுவாக இருக்கும்.

நோட்டுப் புத்தகம் போடுங்கள்

புதிதாக வளர்ப்பவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை, முட்டை வந்த நேரத்தைக் குறித்துவைப்பது. நிமிடக் கணக்கு வேண்டாம், சுமாராக இருந்தால் போதும். என் கறுப்புக்கோழியின் ஒரு பக்கம் இப்படி இருந்தது: காலை 7.30, மறுநாள் 9, அதற்கு மறுநாள் 10.45, பிறகு மதியம் 1. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் மறுபடி 7.30.

இது சோம்பேறித்தனமும் இல்லை, நோயும் இல்லை. கோழியின் கடிகாரமே அப்படி. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. நாளுக்கோ 24 மணி நேரம்தான். அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகும்.

சரி, தள்ளிப்போனால் போகட்டுமே, ஏன் ஒரு நாள் விடுகிறது? முற்றிய பெரிய கரு தன் உறையிலிருந்து புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோனைச் சுரந்து "நான் தயார்" என்று மூளைக்குச் சொல்கிறது. பதிலுக்கு எல்.ஹெச் அலையாக எழும்புகிறது. அதற்குப்பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கரு உறை வெடித்து வெளியே விழுகிறது. (மனுஷிக்கும் மாட்டுக்கும் இந்த அலையை எழுப்புவது ஈஸ்ட்ரோஜன். கோழி இதில் தனி வழி.) ஆனால் அந்த எல்.ஹெச் அலை நினைத்த நேரத்தில் எழாது. இரவில் எட்டு முதல் பத்து மணி நேரம்தான் அதற்கான வாசல் திறந்திருக்கும். முட்டை மதியத்துக்குத் தள்ளிப்போன நாளில் அடுத்த கரு தயாராகும்போது வாசல் மூடியிருக்கிறது. அது அன்றைக்குக் காத்திருந்து, இரவில் வெளியேறும் சமிக்ஞையைப் பெறுகிறது. நமக்கு ஒரு நாள் வெறுங்கூடு.

நல்ல பண்ணைக்கோழி பல வாரம் இடைவிடாமல் இடும், ஏனென்றால் அதன் முட்டை 24 மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. நாட்டுக்கோழி மூன்று, நான்கு இட்டுவிட்டு ஒரு நாள் விட்டால் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியது, வழக்கமாக நான்கு இட்டு ஒரு நாள் விடும் கோழி ஒன்று இட்டு இரண்டு நாள் விடத் தொடங்கும்போது. நோட்டு இல்லாவிட்டால் அது கண்ணில் படாது.

முட்டையின் ஒரு நாள்

வெளியே விழுந்த கருவைப் புனல் மாதிரி இருக்கும் குழாய் வாய் பிடித்துக்கொள்கிறது. அங்கே கால் மணி நேரம்தான். சேவலோடு சேர்ந்திருந்தால் கருத்தரிப்பதும் இங்கேதான். சேவல் இல்லாவிட்டாலும் முட்டை வரும், குஞ்சு மட்டும் வராது. இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவர் என்னிடம் கேட்கிறார். ஒரு தடவை சேவல் மிதித்தால் அதன் விந்து கோழியின் குழாய்ச் சுவரில் நுண்ணிய பைகளில் இரண்டு வாரம்வரை கெடாமல் இருக்கும். அதனால் சேவலை மாற்றியதும் அடைக்கு முட்டை எடுக்காதீர்கள், பழைய சேவலின் குஞ்சும் கலந்துதான் வரும்.

அப்புறம் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றும் பகுதி. அடுத்து ஒன்றேகால் மணி நேரம், அவித்த முட்டையை உரிக்கும்போது நகத்தில் ஒட்டுகிறதே, அந்தச் சவ்வு போர்த்தும் இடம். மிச்சம் இருபது மணி நேரம் முழுக்க ஓட்டுக்குத்தான். ஓட்டின் நிறம் கடைசி சில மணி நேரத்தில் பூசுகிற பூச்சு, அது இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் நிறத்தினால் மட்டும் சத்து கூடிவிடாது. மஞ்சள் கருவின் நிறமும் தீனிதான்: மக்காச்சோளம், முருங்கைக்கீரை, புல் தின்றால் அடர் மஞ்சள். குருணையே தின்றால் வெளிறல்.

விடும் நாளுக்கு முந்தைய முட்டையைத் தவிர, முட்டையிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடுத்த கரு விழுந்துவிடும். கோழி கொக்கரித்துக்கொண்டு கூட்டைவிட்டு இறங்கும்போதே உள்ளே அடுத்த வேலை ஆரம்பித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு: எவ்வளவு, எப்போது

ஒரு சராசரி பண்ணை முட்டையின் ஓட்டில் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த இரத்தத்தில் ஓடும் கால்சியம் அதில் ஒரு சிறு துளிதான். அப்படியானால் இருபது மணி நேரத்தில் இரண்டு கிராம் எங்கிருந்து வரும்? ஒரு பங்கு குடலிலிருந்து, ஒரு பங்கு எலும்பிலிருந்து. ஈஸ்ட்ரோஜன் முன்கூட்டியே எலும்புக்குள் சேர்த்துவைத்த சேமிப்பு இப்போதுதான் உதவுகிறது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி, இரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் எலும்பைக் கரைக்கச் சொல்கிறது.

முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் இருக்கும். நாளைக்கு 100 கிராம் தின்றால் நான்கு கிராம்வரை உள்ளே போகும், பாதிபோல உடம்பில் ஒட்டும். கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் வீட்டில் குருணை, தவிடு, மிச்சச் சோறு என்று போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. மேயப்போகிற கோழி எங்காவது பொறுக்கித் தின்னும். கூண்டிலேயே அடைத்துவைத்த கோழி என்ன செய்யும்? எலும்பைத்தான் தின்னும். சில மாதத்தில் கால் தொய்ந்து உட்கார்ந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். கிளிஞ்சலை மிளகு அளவுக்கு நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்காதீர்கள், எவ்வளவு வேண்டும் என்று கோழிக்கே தெரியும். வைக்கும் நேரம் மாலை. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது, அப்போது கோழி தின்னாது. பெரிய துண்டாக இருந்தால் இரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெதுவாகக் கரையும். மாவாக அரைத்தது சீக்கிரம் போய்விடும். கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் முட்டை ஓட்டைக் கழுவி, வெறும் சட்டியில் வறுத்து, நொறுக்கிப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் கோழி சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அது காரம், வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் போடாதீர்கள். முட்டையிடாத உடம்புக்கு அவ்வளவு கால்சியம் போனால் சிறுநீரகம் கெட்டுப்போகும். கொண்டை சிவக்கத் தொடங்கும்போது மாற்றினால் போதும். வெயில் படவும் விடுங்கள். வைட்டமின் டி இல்லாமல் தின்ற சுண்ணாம்பு குடலைத் தாண்டாது.

வெளிச்சம்: தை மாத ரகசியம்

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே விழுகிற ஒளியை ஹைபோதலாமஸ் பக்கத்தில் இருக்கும் ஒளியுணரும் செல்கள் பிடிக்கின்றன. பார்வையில்லாத கோழியும் பகல் நீண்டால் முட்டையிடும். நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளி மண்டைக்குள் நன்றாக ஊடுருவும், அதனால் மஞ்சள் கலந்த குண்டு பல்பு வெளிச்சம் போதுமானது.

பகல் நீண்டுகொண்டே போவது கோழிக்கு நல்ல காலம் வருகிறது என்ற செய்தி. மார்கழி முதல் வாரத்தோடு நம் ஊரில் பகல் குறைவது நின்று நீளத் தொடங்குகிறது. அப்பத்தா தை என்றது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் முட்டை குறைவதும் அதனால்தான்.

தமிழ்நாட்டில் கோடையின் மிக நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. டிசம்பரில் பதினொன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல முட்டைக்குக் கோழி எதிர்பார்ப்பது 14 முதல் 16 மணி நேரம். அந்த இடைவெளியைத்தான் நாமக்கல் பண்ணைகளில் பல்பு போட்டு நிரப்புகிறார்கள்.

வீட்டில் செய்வதானால் மூன்று விஷயம். விடியலுக்கு முன் விளக்கைப் போடுங்கள். மாலையில் நீட்டித்துவிட்டுப் பட்டென்று அணைத்தால் கோழிகள் இருட்டில் பரண் ஏற முடியாமல் தரையில் கிடக்கும். வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். ஒரு தடவை கூட்டியதைத் திடீரென்று குறைக்காதீர்கள், இரண்டே வாரத்தில் இறகு கொட்டத் தொடங்கும். இதற்கு ஒரு டைமர் ஸ்விட்ச் வாங்கிவிடுவது நல்லது, உங்கள் தூக்கமும் மிஞ்சும். வளரும் வெடக்கோழிகளுக்கு இந்த வேலையே வேண்டாம். உடம்பு முற்றும் முன் முட்டை வந்தால் சின்ன முட்டையாக வரும், சிலதுக்கு அடித்தள்ளலும் (குழாய் ஆசனவாய்க்கு வெளியே பிதுங்குவது) வரும்.

என் கருத்தைக் கேட்டால், ஐந்தாறு சிறுவிடை வைத்திருப்பவருக்குப் பல்பே வேண்டாம். அது வருடத்துக்கு முந்நூறு இடப் பிறந்த கோழி இல்லை. மழைக்காலத்தில் ஓய்வெடுக்கட்டும்.

"ஊசி போட்ட கோழி"

இதைப் பேசாமல் போக முடியாது. பண்ணை முட்டை ஹார்மோன் ஊசி போட்டு எடுப்பது என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவையாவது வருகிறது. மேலே படித்ததை வைத்து நீங்களே யோசித்துப் பாருங்கள். எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச் இரண்டும் புரத வகை. தீனியில் கலந்தால் இரைப்பையில் பருப்பு மாதிரிச் செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், தினமும் போட வேண்டும். லட்சம் கோழி உள்ள பண்ணையில் தினமும் லட்சம் ஊசி யார் போடுவது? பிடிக்கிற பயத்திலேயே கோழி முட்டையை நிறுத்திவிடும். பண்ணையில் ஊசி உண்டு, அது தடுப்பூசி.

காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்து, பதினைந்து முட்டை இடும். அதே குலத்தில் வந்த வெள்ளை லெகார்ன் முந்நூறைத் தாண்டுவது, நூறு வருடத்துக்கு மேலாக அதிகம் இடும் கோழிகளையே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததால். ஹார்மோன் அதனுடையது. கூண்டில் அடைப்பது சரியா, மருந்து அளவோடு கொடுக்கிறார்களா என்று கேட்க நிறைய இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

அடை: குஞ்சா, முட்டையா?

நாட்டுக்கோழி வளர்ப்பில் முட்டை நிற்கும் முக்கியக் காரணம் இதுதான். பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்ததும் ஒரு நாள் கோழி கூட்டைவிட்டு எழுந்திருக்காது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு "குர்ர்" என்று உறுமும். வயிற்று இறகைப் பிடுங்கிக்கொள்ளும், கையை நுழைத்தால் வெறும் தோல் சுடும். நாளைக்கு ஒரு தடவை இறங்கி, அள்ளித் தின்று, பெரிய கட்டியாக எச்சமிட்டு ஓடிவந்து உட்கார்ந்துவிடும்.

இது புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை. முட்டைகள் வயிற்றுத் தோலில் பட்டுக்கொண்டே இருப்பது மூளைக்கு ஒரு செய்தி. பிட்யூட்டரி புரோலாக்டினைக் கூட்டுகிறது, அது கூடினால் எல்.ஹெச் விழுகிறது, வரிசையில் நின்ற கருக்கள் உடம்போடு கரைந்துபோகின்றன. மடை மூடியாயிற்று. லெகார்னில் இந்தக் குணத்தை இனச்சேர்க்கையிலேயே கழித்துவிட்டார்கள், அது அடை உட்காருவது அபூர்வம். சிறுவிடைக்கு இது உயிரோடு ஒட்டிய குணம்.

ஆகவே நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

குஞ்சு வேண்டும் என்றால், ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகப் பொறுக்கி, பத்துப் பன்னிரண்டை இரவில் வையுங்கள். இருட்டில் வைத்தால் மறுப்பதில்லை. முட்டையைக் கழுவாதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமியைத் தடுக்கிறது. ஏழாம் நாள் இரவு கைபேசி டார்ச் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு.

முட்டைதான் வேண்டும் என்றால், தினமும் முட்டையை எடுத்துவிடுங்கள், கூட்டில் ஒன்றை மட்டும் அடையாளத்துக்கு விடுங்கள். முட்டை சேராவிட்டால் அடை தள்ளிப்போகும். அதையும் மீறி உட்கார்ந்துவிட்டால், கம்பி வலை அடி வைத்த கூண்டைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் வெளிச்சமும் கொடுத்து மூன்று, நான்கு நாள் விடுங்கள். அடியில் காற்று பட்டு வயிறு குளிர்ந்தால் புரோலாக்டின் இறங்கும். உட்கார்ந்த முதல் நாளே பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும், பத்து நாள் விட்டுப் பிடித்தால் இழுக்கும். தெளிந்தபின் மறுபடி முட்டை வர ஒன்று, இரண்டு வாரம் ஆகும். பத்து நாள் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, வரிசை புதிதாக நிற்க வேண்டும்.

தண்ணீரில் முக்கி எடுப்பது ஊர் வழக்கம். வயிறு குளிரவேண்டும் என்ற வரை அது சரியான யோசனைதான், ஆனால் மழைக்காலத்தில் சளி பிடித்துச் செத்த கோழியை நான் புதைத்திருக்கிறேன். மூக்கில் இறகைக் குத்திவிடுவது, பட்டினி போடுவது இரண்டும் கொடுமை. பட்டினி போட்டால் முட்டை இன்னும் தள்ளிப்போகும்.

குஞ்சோடு திரியும் வரையிலும் தாய் முட்டையிடாது. முட்டையிட மூன்று, நான்கு வாரம், அடை மூன்று வாரம், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம். வருடத்துக்கு மூன்று சுற்றுதான் தேறும், நாற்பது ஐம்பது முட்டை. குஞ்சுகளைப் பிரித்து பல்புச் சூட்டில் வளர்த்தால் தாய் இன்னும் சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும். நான் பிரிப்பதில்லை. பருந்து வரும்போது தாய் ஒரு குரல் கொடுக்கும், பல்பு கொடுக்காது.

மற்ற காரணங்கள், சுருக்கமாக

கோடையில் கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்கக் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்துபோகும். அதனால் சித்திரையில் கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெலிந்தால் திகைக்காதீர்கள். தீனியை விடியலிலும் சாயங்காலமும் வையுங்கள், மண்சட்டியில் தண்ணீரை நிழலில் வைத்து மதியம் மாற்றுங்கள். தண்ணீர் அரை நாள் இல்லாவிட்டாலும் முட்டை அடிபடும்.

இறகு கொட்டும் காலத்தில் முட்டை நிற்கும், இரண்டு மூன்று மாதம்கூட. இறகு முக்கால்வாசிக்கு மேல் புரதம். கடலைப்பிண்ணாக்கு, கரையான், உப்பில்லாத கருவாட்டுத்தூள் என்று கொடுத்தால் சீக்கிரம் மீளும்.

நாய் துரத்தினாலோ தீபாவளி வெடிக்கோ பயந்தால், பயத்தில் சுரக்கும் ஹார்மோன் முட்டையை ஓட்டுப்பையிலேயே நிறுத்திவைக்கும். கூடுதல் நேரம் இருந்ததால் மறுநாள் முட்டைமேல் சுண்ணாம்பு தூவின மாதிரி வெள்ளை படிந்திருக்கும். ஒரு தடவை என்றால் விட்டுவிடுங்கள்.

முட்டையில் இரத்தப் புள்ளி இருந்தால் கரு உறை வெடித்தபோது சின்ன நரம்பு ஒன்று அறுந்திருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம். இரட்டைக் கரு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு விழுந்திருக்கிறது, புதிதாக முட்டைக்கு வந்த கோழிகளில் சகஜம். தோல் முட்டை எப்போதாவது வந்தால் பரவாயில்லை. தொடர்ந்து வந்தால் கிளிஞ்சலைப் பாருங்கள். கிளிஞ்சல் இருந்தும் பல கோழிகள் ஒரே வாரத்தில் தோல் முட்டையோ, சுருங்கிக் கோணிய முட்டையோ இட்டால் அது நோய். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

முட்டை அடைத்துக்கொண்டால்

முட்டை முற்றியதும் பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வேசோடோசின் என்ற ஹார்மோன் வருகிறது. ஓட்டுப்பையின் தசை சுருங்கி முட்டையைத் தள்ளுகிறது. தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். அது இல்லாத கோழிக்கும், கொழுத்த கோழிக்கும், வயது வராமல் முட்டைக்கு வந்த வெடக்கோழிக்கும் முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கோழி வாலைத் தொங்கப்போட்டு, முதுகை நிமிர்த்தி நடக்கும், கூட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும், முக்கும், ஒன்றும் வராது.

அகலமான பாத்திரத்தில், உங்கள் முழங்கை தாங்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, கோழியின் வயிறு முழுக உட்காரவைத்து கால் மணி நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். துடைத்து, ஆசனவாயில் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான சத்தமில்லாத மூலையில் விடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். வயிற்றை அழுத்திப் பிதுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம். மாலைக்குள் வரவில்லை என்றால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் கூடையில் துணி போட்டு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி முட்டை என்றைக்கு வந்தது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.